500 வெள்ளி, நான்கு தொண்டர்கள்: டிங்கியைத் தடுக்க எந்த வழி?

இந்த ஆண்டு மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் மூன்று இடங்களிலிருந்து ஒரே கேள்வி என்னிடம் வந்தது. நிபோங் திபால் பக்கம் ஒரு பழைய தோட்டக் கம்பத்தின் (கிராமத்தின்) கோயில் நிர்வாகத்தினர் கேட்டார்கள். பாயா தெருபோங்கில் ஓர் அடுக்குமாடியின் செயலாளர் கேட்டார். பட்டர்வொர்த்தில் தாமான் (வீடமைப்புப் பகுதி) ஒன்றில் ருக்குன் தெத்தாங்கா என்ற அண்டைவீட்டார் அமைப்பின் வேலைகளையெல்லாம் தலையில் போட்டுக்கொண்டு அலையும் அக்கா ஒருவரும் கேட்டார். மூவர் கையிலும் ஏறக்குறைய 500 வெள்ளி (ரிங்கிட்), வருவதாக வாக்களித்த தொண்டர்கள் நான்கைந்து பேர். "டிங்கிக் காய்ச்சல் வராமல் தடுக்க மக்களுக்குச் சொல்லித்தர வேண்டும். சொற்பொழிவு வைப்பதா, எல்லோரும் கூடித் துப்புரவு செய்யும் கோத்தோங் ரோயோங் நடத்துவதா, வீடு வீடாகப் போவதா?"

மூவருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றல்ல. நான் மருத்துவரும் அல்லன். செபராங் பிறை தெற்கில் எங்கள் கம்பத்தில் இந்த வேலையைத் தொட்டு, பலமுறை சொதப்பி, கொஞ்சம் கற்றுக்கொண்டவன். எங்கெங்கே சொதப்பினோம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

## எண்ணெய்க்காரர் இனி வரமாட்டார்

என் பாட்டி தோட்டத்தில் பிறந்தவர். கொசு என்றதும் அவர் நினைவுக்கு வருவது, முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு ஓடைகளில் எண்ணெய் தெளித்துக்கொண்டு போன ஆள்தான். 1901இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியவைத்து மலேரியாவை அடக்கிக் காட்டினார். பின்னாளில் தோட்டத்து ஓடைகளுக்கு எண்ணெய் தெளிப்பதும் வழக்கமானது. எண்ணெய்ப் படலம் நீருக்கு மேல் மூச்சுவிட வரும் புழுக்களை அடைத்துக் கொன்றது. தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் இருந்தவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. மலேரியாக் கொசு ஓடையில் இருந்தது, ஓடை நிர்வாகத்துக்குச் சொந்தம், ஆகவே கொசுவும் நிர்வாகத்தின் பாடு.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. அந்த நினைப்பு மட்டும் நம்மோடு தாமானுக்குக் குடிவந்துவிட்டது. அன்றைய எண்ணெய்க்காரரின் இடத்தில் இன்று புகையடிக்கும் வண்டி நிற்கிறது. ஆனால் டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஓடை தேவையில்லை. ஐஸ் பெட்டியின் பின்தட்டு, சாமி மேடையில் பூ வைத்த குவளை, போத்தலில் வளரும் மணி பிளான்ட், குளியலறைத் தொட்டி, குளிர்சாதனத்துக்குக் கீழே வைத்த வாளி, இவையே அதற்குப் போதும். எந்த எண்ணெய்க்காரரும் அங்கே நுழைய முடியாது. வீட்டுக்காரர் நுழையலாம், அல்லது அவர் அனுமதித்தவர் நுழையலாம். கீழே நான் ஒப்பிடும் வழிகளையெல்லாம் பிரிக்கும் கோடு இதுதான்: வீட்டுக்குள் இருக்கும் அந்தக் குவளைவரை போய்ச் சேருவது எது, வாசலோடு நின்றுவிடுவது எது?

பினாங்குக்கு இது புதிய நோயும் அல்ல. மலாயாவில் டிங்கி முதன்முதலில் பதிவானது 1901–1902 வாக்கில் இங்கேதான். இரத்தக்கசிவோடு வரும் கடுமையான வகை 1962இல் பதிவானதும் இங்கேதான். 2019இல் நாடு முழுவதும் 130,101 பேருக்கு நோய் கண்டது, 182 பேர் இறந்தார்கள்.

## எதை வைத்து அளப்பது

வழிகளை எடைபோடுமுன் தராசைச் சரிசெய்துகொள்வோம். நான் ஐந்து கேள்விகள் வைத்திருக்கிறேன்.

முதலாவது, மேலே சொன்னது: வீட்டுக்குள் தேங்கும் நீரை இந்த வழி எட்டுகிறதா?

இரண்டாவது, பன்னிரண்டாவது வாரத்திலும் இது நடந்துகொண்டிருக்குமா? முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் போதும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை பார்க்காத வேலை பார்க்காத வேலைதான். மாதம் ஒருமுறை செய்யும் துப்புரவுக்கு இடையில் கொசு இரண்டு மூன்று தொகுதி வளர்ந்துவிடும். நோயைத் தடுப்போம் என்று சுகாதார அமைச்சு வாரம் 10 நிமிடம் கேட்பதும் இந்தக் கணக்கில்தான்.

மூன்றாவது, யாரை விட்டுவிடுகிறது? கொசு தமிழ் வீடு, மலாய் வீடு, சீன வீடு என்று பார்ப்பதில்லை. பக்கத்து வாடகை வீட்டில் பதினைந்து வங்காளதேசத் தொழிலாளர்கள் இருந்தால், அவர்களுடைய பின்கட்டுத் தொட்டியும் உங்கள் தொட்டிதான். தமிழில் மட்டும், கோயிலில் மட்டும் நடக்கும் ஏற்பாடு கம்பத்தின் ஒரு பகுதியை மட்டுமே தொடும்.

நான்காவது, உண்மையான செலவு. பணத்தை எல்லோரும் எண்ணுகிறார்கள். தொண்டரின் ஞாயிற்றுக்கிழமையையும் அண்டை வீட்டாரோடு முகம் முறிவதையும் யாரும் எண்ணுவதில்லை.

ஐந்தாவது, பலன் தெரிந்ததா என்று எண்ணிப் பார்க்க முடியுமா? பார்த்த வீடுகளில் எத்தனை வீட்டில் புழு இருந்தது என்பதே போதுமான கணக்கு. 40 வீடு பார்த்து 6 வீட்டில் இருந்தால் நூற்றுக்குப் பதினைந்து. மூன்று மாதம் கழித்து அதே வரிசையில் மறுபடி எண்ண வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பொட்டலம் நாசி லெமாக் தீர்ந்தது என்பதெல்லாம் விழாக் கணக்கு.

## சொற்பொழிவு

மேடை, பதாகை, ஒலிபெருக்கி, மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி, கடைசியில் தேநீர். ஏற்பாடு செய்வது எளிது, படம் எடுத்துப் போடலாம், ஒதுக்கீட்டுக்குக் கணக்கும் காட்டலாம். அதனால்தான் எல்லோர் வாயிலும் முதலில் வருவது இதுவே.

எங்கள் முதல் முயற்சியும் இதுதான். நாற்காலிகளில் பாதி காலி. வந்தவர்கள் ஏற்கெனவே வாளியைக் கவிழ்த்து வைப்பவர்கள். வர வேண்டியவர்கள் வீட்டில் தொடர் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போதாக்குறைக்கு, மண்டபத்தின் பின்னால் அடுக்கியிருந்த பூச்சாடிகளின் தட்டுகளில் புழு நெளிவதை வந்திருந்த அதிகாரியே காட்டினார். அன்றைக்கு அவர் பேசியதில் அனைவருக்கும் நினைவில் நின்றது அது ஒன்றுதான்.

முதல் இரண்டு கேள்விகளிலும் சொற்பொழிவு தோற்றுவிடுகிறது. ஒரு மாலைப் பொழுது பன்னிரண்டு வாரத்துக்கு நீளாது. ஆனால் அதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது, அதை வேறு எதனாலும் இவ்வளவு நன்றாகச் செய்ய முடியாது: காய்ச்சல் வந்தபின் என்ன செய்வது என்று சொல்வது. கொசுவைப் பற்றி நாங்கள் பேசலாம். நோயாளியைப் பற்றி மருத்துவரோ தாதியோ பேசினால்தான் நம்புவார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் இவற்றைச் சொல்லச் சொல்லுங்கள். காய்ச்சல் குறைந்தவுடன் ஆபத்து தீர்ந்தது என்று நினைக்கிறோம். டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான், பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், கவனிக்க வேண்டிய நேரம். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், எழ முடியாத சோர்வு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. காய்ச்சலுக்குப் பெனடோல் போன்ற பாராசிட்டமால் சரி. ஆஸ்பிரினும் இபுபுரோபனும் கூடாது, இரத்தக்கசிவைக் கூட்டும். டிங்கி வைரஸில் நான்கு வகை உண்டு, ஒருமுறை வந்தவருக்கு இன்னொரு வகை வரலாம், இரண்டாம் முறை இன்னும் கடுமையாகலாம். பப்பாளி இலைச் சாறு பற்றி எப்படியும் யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். அதைக் குடித்துக்கொண்டு கிளினிக்குக்குப் போகாமல் இருந்துவிடக்கூடாது என்பதை மருத்துவர் வாயால் கேட்பதற்குத்தான் இந்தக் கூட்டம்.

சொற்பொழிவு பொருந்தும் இடம்: வட்டாரத்தில் ஒருவர் டிங்கியால் மருத்துவமனையில் படுத்த அடுத்த வாரம். பயம் இருக்கும்போது நாற்காலிகள் நிறையும். பயம் இல்லாத மாதத்தில் பணத்தை இதில் போடாதீர்கள்.

## கோத்தோங் ரோயோங்

எனக்குப் பிடித்த காட்சி இது, ஒளிக்காமல் சொல்கிறேன். மண்வெட்டியோடு மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் ஒரே கால்வாயில் இறங்குவது வேறு எந்த நாளில் நடக்கிறது? அதனால்தான் இதைக் குறை சொல்லும்போது நாக்கு கூசுகிறது.

குறை இதுதான்: கால்வாயில் வளர்வது பெரும்பாலும் இரவில் காதருகே ரீங்காரமிடும் கியூலெக்ஸ் கொசு. அது டிங்கியைப் பரப்புவதில்லை. அரை நாள் சேற்றில் உழைத்துவிட்டுக் கொசுவை ஒழித்தோம் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போய்க் குளிக்கிறோம், ஏடிஸ் புழு நெளியும் அதே தொட்டி நீரில். மாலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்தும் பழக்கமும் இந்தக் குழப்பத்தின் தங்கை. ஏடிஸ் கடிப்பது விடிந்த பிறகு காலையிலும், பொழுது சாயுமுன் பிற்பகலிலும்.

ஆனாலும் வீட்டுக்கு வெளியே இருக்கும் சில இடங்களுக்கு இதைவிட்டால் வழியில்லை. காலி மனையில் கொட்டிய பழைய டயர், உடைந்த கழிவறைப் பீங்கான், ஓரத்தில் கிடக்கும் நெகிழிப் பெட்டி, ஆளில்லாத வீட்டின் கூரை ஓரத் தண்ணீர்க் குழாய். தைப்பூசம் முடிந்த பிறகு தேங்காய்ச் சிரட்டைகள்: தெருவில் உடைத்தவற்றை அள்ளிவிடுகிறார்கள், வீட்டு வாசலிலும் சின்னக் கோயில்களின் பின்புறத்திலும் உடைத்தவை அப்படியே கிடக்கும். பிப்ரவரியில் காய்ந்து கிடக்கும் சிரட்டை, ஏப்ரல் மழையில் குளமாகிவிடும்.

மறைவான செலவு ஒன்றை நாங்கள் அனுபவித்தே அறிந்தோம். குப்பைத் தொட்டி லாரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் தேதியைத் தவறாக எழுதிக் கொடுத்துவிட்டோம். வீட்டுக்கு வீடு இழுத்துவந்து குவித்த பழஞ்சாமான் இரண்டு வாரம் மழையில் கிடந்தது. கம்பம் முழுக்கச் சிதறியிருந்த கொசுத் தொட்டிகளை ஒரே இடத்தில் சேர்த்து வைத்ததுதான் எங்கள் சாதனை. இன்னொரு செலவு, ஆட்களின் சலிப்பு. முதல் மாதம் அறுபது பேர் வரும் வேலைக்கு நான்காம் மாதம் செயலாளரும் அவர் மைத்துனரும் மட்டும் வருவார்கள்.

ஆண்டுக்கு இரண்டு முறை போதும். பினாங்கில் மழை இருமுறை உச்சம் தொடும்: ஏப்ரல், மே வாக்கிலும், செப்டம்பர், அக்டோபர் வாக்கிலும். அதற்கு முந்தைய மாதத்தில் வையுங்கள். மழை தொடங்கிய பின் வைத்தால் வேலை இரட்டிப்பு.

## வீடு வீடாகப் போவது

இதைப் பற்றி நீளமாக எழுதப் போகிறேன், ஏனென்றால் எங்கள் கம்பத்தில் நிலைத்தது இது ஒன்றுதான்.

செய்முறை எளியது. இருவர் இருவராக, ஒரு டார்ச் விளக்கு, ஒரு வெள்ளைக் கிண்ணம், ஓர் உறிஞ்சுக்குழல். ஒரு வாரம் ஒரு வரிசை. கதவைத் தட்டி, "அக்கா, உங்களோடு சேர்ந்து தண்ணீர் நிற்கும் இடங்களைப் பார்க்கலாமா?" என்று கேட்பது. "உங்கள் வீட்டைச் சோதிக்க வந்திருக்கிறோம்" என்று சொன்ன தொண்டர் ஒருவருக்கு நாயை அவிழ்த்துவிட்டார்கள். எந்தக் குழுவும் தங்கள் பயிற்சியில் இந்தச் சொல் வித்தியாசத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

புழு கிடைத்தால் நாம் கொட்டக்கூடாது. கிண்ணத்தில் எடுத்து, வெளிச்சத்தில் வைத்து, வீட்டுக்காரர் கையில் கொடுக்க வேண்டும். கேள்விப்பட்ட டிங்கி வேறு, தன் வீட்டு ஐஸ் பெட்டியிலிருந்து வந்து தன் கையில் நெளியும் புழு வேறு. பேரப்பிள்ளை குளிக்கும் தொட்டியிலிருந்து எடுத்துக் காட்டிய அன்று ஒரு பாட்டி எங்களைத் திட்டவில்லை, பேசவில்லை, தேய்ப்புக் கட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தேய்ப்பது என்றேன். பதாகைகள் பெரும்பாலும் விட்டுவிடும் விஷயம் அது. ஏடிஸ் முட்டை நீரில் மிதப்பதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், மறுபடி நீர் பட்டால் பொரியும். தண்ணீரைக் கொட்டிவிட்டு அதே வாளியை நிரப்பினால் முட்டைக்குப் புதுத் தண்ணீர் கொடுத்ததாகவே ஆகும். சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இதைச் சொல்லால் விளக்கினால் மறந்துபோகும், அவர் வீட்டு வாளியிலேயே காட்டினால் நிற்கும்.

கொட்ட முடியாத நீரும் உண்டு. 2024 ஜனவரியில் நான்கு நாள் நீர்த்தடை வந்தபோது பினாங்கில் வாங்கிய டிரம்கள் இன்னும் பல வீடுகளில் "எதற்கும் இருக்கட்டும்" என்று நிறைந்து நிற்கின்றன. அவற்றுக்கு இறுக்கமான மூடி, அல்லது 10 லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் புழுவைக் கொல்லும் அபேட் மணல். வாசம் பிடிக்கவில்லை என்று சிலர் மறுப்பார்கள். அவர்களோடு வாதாடாமல் மூடியை வாங்கவைப்பது நல்லது.

வேறு நாட்டு ஆதாரமும் இதற்குப் பக்கபலம். மெக்சிகோவிலும் நிகராகுவாவிலும் 150 பகுதிகளைப் பிரித்து நடத்திய ஆய்வின் முடிவு 2015இல் வெளிவந்தது. பாதிப் பகுதிகளில் வழக்கமான அரசுத் திட்டம் மட்டும். மீதிப் பகுதிகளில் அதோடு சேர்த்து உள்ளூர் மக்களே வீடு வீடாகப் போய், புழுவைக் காட்டி, என்ன செய்வதென்று தாங்களே கூடி முடிவெடுத்தார்கள், மருந்து இல்லாமல். அந்தப் பகுதிகளில் பிள்ளைகளிடையே டிங்கித் தொற்று ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது. முழுதாக ஒழியவில்லை என்பதையும் கவனியுங்கள். நாளைக்கே டிங்கி மறைந்துவிடும் என்று தொண்டர்களிடம் வாக்குக் கொடுத்தால், அடுத்த நோயாளி வந்த அன்றே அவர்கள் நின்றுவிடுவார்கள்.

மலேசியாவில் இதற்கு ஏற்கெனவே ஒரு வடிவம் இருக்கிறது. மக்களிடம் பேசிப் பழக்கத்தை மாற்றவைக்க உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த கோம்பி (COMBI) முறையை 2001இல் ஜொகூர் பாருவில் முயன்று பார்த்து, பின்னர் நாடு முழுவதும் கொண்டுவந்தார்கள். மாவட்டச் சுகாதார அலுவலகத்தை அணுகினால் தொண்டர் குழு அமைக்க வழிகாட்டுவார்கள். தனியாகத் தொடங்குவதைவிட அந்தப் பெயரில் தொடங்குவது நல்லது. வாசலில் நிற்பவர் யார் என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும்.

இனி இதன் மறைவான செலவுகள். பணம் அதிகம் வேண்டாம், 500 வெள்ளியில் பாதிகூடத் தேவைப்படாது. விலை வேறு இடத்தில் இருக்கிறது.

ஒன்று, சந்தேகம். 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டத்தின்படி புழு வளரவிட்டால் 500 வெள்ளி வரை அபராதம். நீதிமன்றம் போனால் முதல் குற்றத்துக்கே 10,000 வெள்ளி வரை அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை. இது மக்களுக்குத் தெரியும். ஆகவே நோட்டுப் புத்தகத்தோடு வந்து நிற்பவரை ஒற்றன் என்றே நினைப்பார்கள். எங்கள் நோட்டில் வீட்டு எண்ணும் பெயரும் கிடையாது. வரிசை, பார்த்த வீடுகள், புழு இருந்தவை, எங்கே இருந்தது, அவ்வளவே. அந்தப் பக்கத்தைத் திறந்து வீட்டுக்காரரிடமே காட்டுகிறோம்.

இரண்டு, பெண்கள். பகலில் கதவைத் திறப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், திறக்கவைக்கக்கூடியவர்களும் பெண்கள். ஆண்கள் மட்டும் உள்ள குழு வாசலோடு நின்றுவிடும். அதனால் சுமை முழுவதும் மூன்று நான்கு அக்காமார் தலையில் விழுகிறது, கூட்டத்தில் மாலை மட்டும் வேறொருவர் கழுத்தில் விழுகிறது. அவர்கள் விலகினால் வேலை செத்துவிடும். வாரம் ஒரு வரிசைக்கு மேல் கேட்காதீர்கள்.

மூன்று, பூட்டிய வீடு. வேலைக்குப் போகும் குடும்பங்களை ஞாயிற்றுக்கிழமை காலையிலும் பிடிக்க முடியாது, தூங்குவார்கள். சனிக்கிழமை மாலை ஐந்துக்குமேல் எங்களுக்கு ஒத்துவந்தது.

## பள்ளிக்கூடம் வழியாக

பினாங்கில் 28 தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. பல பள்ளிகளில் சுகாதார அமைச்சின் டோக்டர் மூடா (இளம் மருத்துவர்) மாணவர் மன்றமும் இயங்குகிறது. ஆசிரியர் ஒருவர் மனம் வைத்தால், வாரம் ஒரு தாள்: வீட்டில் எட்டு இடங்களைப் பார்த்துக் குறியிட்டு, அம்மாவிடம் கையெழுத்து வாங்கிவர வேண்டும்.

பெரியவர்கள் தொண்டரிடம் சாக்குச் சொல்வார்கள், ஒன்பது வயது மகளிடம் சொல்ல முடியாது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒருவர் பார்ப்பதால் கதவு, நாய், சந்தேகம் எதுவும் குறுக்கே நிற்பதில்லை. காலையில் கடிக்கும் கொசுவுக்குப் பள்ளி வளாகமே விருந்து என்பதால் பள்ளிக்கும் இதில் சொந்த அக்கறை உண்டு.

விட்டுப்போவது யாரை என்று பாருங்கள்: பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட, தனியாக இருக்கும் முதியவர் வீடுகள். நம் கம்பங்களில் இவை கூடிக்கொண்டே வருகின்றன, பூச்சாடிகளும் அங்கேதான் அதிகம். நீண்ட விடுமுறையில் தாளும் நின்றுவிடும். பொறுப்பெடுத்த ஆசிரியர் மாற்றலாகிப் போனால் எல்லாமே நின்றுவிடும். கையெழுத்து வாங்குவதற்காகப் பார்க்காமலே குறியிடுவதும் நடக்கும், என் வீட்டிலேயே நடந்தது.

## வாட்ஸ்அப்பும் பதாகையும்

செலவில்லை, நேரமில்லை, அதனாலேயே கவனமும் இல்லை. காலை வணக்கப் படங்களுக்கும் பழைய வதந்திகளுக்கும் நடுவில் கொசுப்படம் ஒன்று. தனியாக இதை நம்பினால் ஒன்றும் நடக்காது. வீட்டுக்குப் போய்ப் பழகிய பிறகு, அதே தொண்டர் தன் குரலில் சனிக்கிழமை அனுப்பும் 20 விநாடி நினைவூட்டல் மட்டும் வேலை செய்கிறது. பதாகை அடித்தால், நிகழ்ச்சி முடிந்ததும் மடிப்பில் தண்ணீர் தேங்காதபடி சுருட்டி வையுங்கள்.

## "புகை அடிக்கச் சொல்லுங்கள்"

இது கல்வி அல்ல, ஆனாலும் எந்தக் கூட்டத்திலும் முதலில் எழும் குரல் இதுதான். புகை பறக்கும் கொசுவைக் கொல்லும். புழுவையும் முட்டையையும் தொடாது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தால் வீட்டுக்குள் இருக்கும் கொசுவையும் தொடாது. நோயாளி உறுதியான இடத்தில் சுகாதாரத் துறை அடிப்பது தேவையானது, அப்போது கதவைத் திறந்து விடுங்கள். குழுப் பணத்தில் தனியாரை அழைத்து அடிப்பது, எண்ணெய்க்காரரைக் கூலிக்குத் திரும்ப அழைப்பது மாதிரி. ஒரு வாரத்தில் அடுத்த தொகுதி தொட்டியிலிருந்து எழுந்து வரும்.

## ஒரே பார்வையில்

| வழி | வீட்டுக்குள் எட்டுமா | 12ஆம் வாரம் இருக்குமா | யாரும் சொல்லாத செலவு | எப்போது நல்லது |
|---|---|---|---|---|
| சொற்பொழிவு | எட்டாது | இருக்காது | ஏற்கெனவே தெரிந்தவர்களே வருவது | பக்கத்தில் நோயாளி கண்ட வாரம் |
| கோத்தோங் ரோயோங் | வாசல்வரை | நான்காம் மாதத்தில் தளரும் | லாரி, ஆள் சலிப்பு, போலித் திருப்தி | மழைக்கு முந்தைய மாதம், காலி மனை |
| வீடு வீடாக | எட்டும் | குழு சிறிதாக, சுமை குறைவாக இருந்தால் | சந்தேகம், சில பெண்களின் மீதே சுமை | நிலையான அண்டை வீட்டார் உள்ள இடம் |
| பள்ளி | பிள்ளைகள் உள்ள வீட்டில் எட்டும் | விடுமுறைவரை | ஒரே ஆசிரியரை நம்பியிருப்பது | பள்ளியும் கம்பமும் ஒட்டிய இடம் |
| வாட்ஸ்அப் | தனியாக எட்டாது | இருக்கும், படிக்கமாட்டார்கள் | கவனச் சிதறல் | வீட்டுச் சந்திப்புக்குப் பின் |

## மூன்று இடங்களுக்கும் சொன்ன பதில்

நிபோங் திபால் கம்பத்துக்கு: தைப்பூசத்துக்குப் பிறகு ஒரே ஒரு கோத்தோங் ரோயோங், சிரட்டைக்கும் டயருக்கும் மட்டும், கால்வாயை அன்றைக்கு விட்டுவிடுங்கள். லாரித் தேதியை இருமுறை சரிபாருங்கள். அதன்பின் வீடு வீடாக, முதியவர் வீடுகளைத் தொண்டர்களும், மற்றவற்றைப் பள்ளித் தாளும் பார்த்துக்கொள்ளட்டும். இந்தக் கூட்டணி அவர்களுக்குப் பொருந்தும், ஏனென்றால் பள்ளி கோயிலுக்கு எதிரிலேயே இருக்கிறது.

பாயா தெருபோங் அடுக்குமாடிக்கு அது ஒத்துவராது. பகலில் ஆளில்லை, பள்ளிகள் பல, வாடகைக்கு வருபவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். உயரத்தில் கொசு வராது என்ற நம்பிக்கையையும் விட்டுவிட வேண்டும், மாடி ஏறிய பூச்சாடியோடு அதுவும் ஏறும். மாடிக்கு ஒருவர், தன் மாடி வீடுகளுக்கு மட்டும், இரவு எட்டு மணிக்கு. மொட்டைமாடி, குப்பை அறை, ஆளில்லாத வீடுகள் ஆகியவை கட்டட நிர்வாகத்தின் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். அவற்றைத் தொண்டர் தலையில் கட்டினால் இரண்டாம் மாதமே ஓடிவிடுவார்கள்.

பட்டர்வொர்த் அக்காவுக்கு வேறு நிலைமை. அடுத்த தெருவில் இருவர் மருத்துவமனையில் இருந்தார்கள். ஆகவே முதலில் சொற்பொழிவு, அந்த வாரமே, மலாயிலும் தமிழிலும், கூடுமானால் ஹொக்கியன் சீனத்திலும். வாசலில் பெயர் எழுதும்போதே, உங்கள் வரிசைக்கு எந்தச் சனிக்கிழமை வரட்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளச் சொன்னேன். வீட்டுக்குப் போகும் இருவரில் ஒருவராவது அந்த வீட்டு மொழி பேசுபவராக இருக்க வேண்டும்.

மூவருக்கும் பொதுவாகச் சொன்னது ஒன்றுண்டு: முதல் வாரம் நிர்வாகக் குழுவினர் வீடுகளிலிருந்து தொடங்குங்கள். நாங்கள் அப்படித் தொடங்கியபோது எங்கள் தலைவர் முதலில் சிரித்தார், அவர் வீட்டு முற்றம் துடைத்துவைத்த தாம்பாளம் போல இருக்கும். ஐஸ் பெட்டியை இருவர் சேர்ந்து நகர்த்திப் பின்தட்டை உருவினோம். அவரே கிண்ணத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அன்று மாலைக்குள் கம்பம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அடுத்த வாரம், முன்பு எங்களுக்கு நாயை அவிழ்த்துவிட்ட வீட்டில், நாங்கள் தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது. "தலைவர் வீட்டில் எங்கே இருந்தது?" என்றுதான் முதலில் கேட்டார்கள்.